மிச்சம் என்கிற சலுகை

கலைஞன் தானே கழித்துப் போட்டதைத் தானே எடுத்து வெளியிடும்போது விமர்சகன் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு எழுதப்படாத சட்டம் நம்மிடையே அமலில் இருக்கிறது. 'இது மிச்சம்தானே, இதைப் போய் அளக்கிறாயா?' என்கிறார்கள். அளக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு நான் எடுத்துக்கொள்வது சூஃப்யான் ஸ்டீவன்ஸ் என்கிற அமெரிக்கப் பாடகரின் 'தி அவலாஞ்ச்'. 2006 ஜூலையில் வெளிவந்தது. எனக்கு இப்போதுதான் முழுதாகக் கேட்க வாய்த்தது. நான்கு இரவுகளில் நான்கு தடவை கேட்டேன். ஆகவே இவை முதல் அபிப்ராயங்கள்தான். முதல் அபிப்ராயம் மட்டம், பத்து வருஷம் ஊறினதுதான் உசத்தி என்று நினைப்பவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம்.

ஸ்டீவன்ஸைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1975இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல், வளர்ப்புத் தந்தை லோவல் பிராம்ஸும் தானுமாக 1999இல் தொடங்கிய 'ஆஸ்த்மாடிக் கிட்டி' என்கிற சிறு நிறுவனத்தின் மூலமாகவே தன் இசைத்தட்டுகளை வெளியிட்டவர். பாஞ்சோ, ஓபோ, பியானோ, கிடார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தானே வாசித்துத் தானே பதிவுசெய்கிறவர். அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு ஒன்றாக இசைத்தட்டு போடப்போவதாக அறிவித்தார். 2003இல் 'மிஷிகன்' வந்தது. 2005 ஜூலையில் 'இல்லினாய்'. இந்த இரண்டாவதுதான் அவரை ஊரறியச் செய்தது. அதற்கென்று ஐம்பதை நெருங்கிய பாடல்கள் எழுதப்பட்டன, முதலில் இரட்டைத் தட்டாகவே வர இருந்தது, பிறகு 22 தடங்களாகச் சுருங்கியது. அப்படிச் சுருக்கியபோது வெளியே விழுந்தவைதாம் சரியாக ஒரு வருஷமும் சில நாட்களும் கழித்து 'தி அவலாஞ்ச்' என்று வந்தன. 21 தடங்கள். மூலத்துக்குச் சமமாக ஒன்றேகால் மணி நேரம். சமையலைவிட மிச்சம் அதிகமான வீடு. 

அட்டையைப் பாருங்கள். 'இல்லினாய் தட்டின் ஒதுக்கல்களும் உபரிகளும்' என்று போட்டு, ஆச்சரியக்குறியும் போட்டு, இதை வெட்கமில்லாமல் தொகுத்தவர் தானே என்றும் அச்சிட்டிருக்கிறார். விமர்சகர்கள் இதைப் படித்துவிட்டு, அடடா, என்ன தன்னடக்கம், என்ன நகைச்சுவை என்று உருகினார்கள். எனக்கு உருகவில்லை. வெட்கமில்லை என்று ஒருவர் தாமே முன்வந்து சொல்லிவிட்டால், வெட்கமில்லையா என்று கேட்கும் உரிமை மற்றவர்களுக்குப் போய்விடுகிறது. கடையில் 'சிறு பழுது உள்ளவை' என்று எழுதித் தொங்கவிடுகிற கடைக்காரர்கூட விலையைப் பாதியாக்குகிறார். இங்கே பலகை தொங்குகிறது, விலை முழு விலை. பாராட்டினால் அது கலைஞனின் வளம். குறை சொன்னால் அது மிச்சம்தானே. எந்தப் பக்கம் விழுந்தாலும் தலை என்கிற நாணயம் இது. 

வங்கியில் எங்களுக்கு சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகைகளைத் தாற்காலிகமாக அதில் போட்டுவைப்போம். அதில் தொகை கிடப்பது குற்றமல்ல. எந்தக் கிளையிலும் கிடக்கும். ஆனால் ஆடிட்டர் வந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் கேள்வி உண்டு: இது எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டியது, இவ்வளவு நாள் ஏன் இங்கே கிடக்கிறது. சஸ்பென்ஸ் கணக்கையே அச்சடித்து இதுதான் எங்கள் லாபம் என்று பங்குதாரர்களுக்கு அனுப்பும் மானேஜரை நான் இன்னும் பார்க்கவில்லை. படைப்பாளியின் மேஜை இழுப்பறையும் இதுபோலத்தான். அங்கே என்ன வேண்டுமானாலும் கிடக்கலாம். வெளியே எடுத்துப் பெயர் வைத்து வரிசைப்படுத்தி அட்டை போட்டுவிட்டால் அது படைப்பு. படைப்புக்குரிய கேள்வி அதற்கும் உண்டு.

கேள்விக்கு வருகிறேன்.

முதல் தடவை கேட்டபோது எனக்கு ஏற்பட்டது களைப்பு. இரண்டாம் தடவை அந்தக் களைப்புக்குக் காரணம் தேடினேன். பாடல்கள் மோசம் என்பதல்ல காரணம். ஸ்டீவன்ஸுக்கு மோசமாகப் பாட்டுக் கட்டத் தெரியாது. அதுதான் தொல்லையே. புல்லாங்குழல்கள் ஒரு சிறு துணுக்கைத் திருப்பித் திருப்பி வாசிக்கும், அதன்மேல் டிரம்பெட், அதற்கு மேல் பெண் குரல்கள் கூட்டமாக, எண்ணிக்கை ஒற்றைப்படையில் நொண்டும், மெல்ல ஏறி ஏறி ஓர் உச்சம், பிறகு சட்டென்று நிசப்தத்தில் ஒரு பாஞ்சோ. இந்தச் செய்முறை 'இல்லினாய்' தட்டிலும் உண்டு. ஆனால் அங்கே அது கண்ணில் படவில்லை. புற்றுநோயில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு பெண், தொடர் கொலைகள் செய்த ஒரு மனிதனின் வீட்டுத் தரைக்கடியில் கிடக்கும் பையன்கள் என்று விஷயம் முன்னே நின்று நம் கழுத்தைப் பிடித்ததால் பின்னால் இருந்த ஜோடனையை நாம் எண்ணவில்லை. 'அவலாஞ்ச்'சில் விஷயம் மெலிந்துவிட்டது. ஜோடனை அப்படியே இருக்கிறது. கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலுக்குள் போய் நிற்பதுபோல. மூங்கில் எத்தனை, கயிறு எத்தனை முடிச்சு என்பதெல்லாம் தெரிகிறது. 

பாவனை என்பது வேறு, நடை என்பது வேறு என்று நாம் பேசிப் பேசி அலுத்திருக்கிறோம். இந்தத் தட்டு அந்த வித்யாசத்துக்கு நல்ல பாடம். எதைச் சொன்னாலும் அதே விதமாகச் சொல்லும் சாமர்த்தியம் ஒருவருக்கு வந்துவிட்ட பிறகு அவர் நடை என்று நினைத்துக்கொண்டிருப்பது பழக்கம். மிச்சங்களைத் தொகுத்தால் முதலில் அம்பலமாவது இந்தப் பழக்கம்தான். 'மிஸ்டர் சூப்பர்கம்ப்யூட்டர்' என்று கூப்பிட்டுத் தொடங்கும் இரண்டாவது பாட்டு கேட்கக் கேட்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. முடிந்ததும் என்ன இருந்தது என்று கேட்டால் வேகம் இருந்தது என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெயர்களைப் பாருங்கள். அட்லாய் ஸ்டீவன்சன், சால் பெல்லோ, ஜேன் பெர்ன், சால் அலின்ஸ்கி, கிளைட் டோம்பா. இல்லினாயின் நூலக அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினதுபோல இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எவ்வளவு இருக்கிறது! ஸ்டீவன்சன் இல்லினாயின் கவர்னராக இருந்தவர், 1952இலும் 1956இலும் ஐசன்ஹோவரிடம் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றவர். படித்தவர்கள் எல்லாம் தன் பக்கம் இருந்தும் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்ட மனிதர். அந்த நிராகரிப்பின் ஒரு துளி, துள்ளிக் குதித்துக்கொண்டு போகும் இந்தக் குட்டிப் பாட்டில் எனக்குக் கேட்கவில்லை. பெல்லோ 2005 ஏப்ரலில் இறந்தார், 'இல்லினாய்' வெளிவர மூன்று மாதம் இருக்கும்போது. கனடாவில் பிறந்து சிகாகோவில் வளர்ந்து, 1976இல் நோபல் பரிசு வாங்கி, அந்த நகரத்தின் தெருவையும் பேச்சையும் நாவலாக்கிய மனிதருக்கு இது அஞ்சலி என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டால் பாட்டு எதை இழக்கும் என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். எனக்குக் கேட்ட அளவில் ஒன்றையும் இழக்காது. ஜேன் பெர்ன் 1979இல் சிகாகோவின் முதல் பெண் மேயரானவர். அவர் பதவியேற்புக்கென்று பெயர் சூட்டியிருப்பது ஒரு வாத்தியத் துணுக்கு. தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் பாதி தீர்ந்துவிடுகிறது. தலைப்புகளின் நீளம் வேறு சமாசாரம். அதைப் புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. உள்ளே வேலை செய்யாத இடத்தில் வெளியே செய்த வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

டோம்பா விஷயம் மட்டும் விதி எழுதிய வேடிக்கை. இல்லினாயில் ஸ்ட்ரீட்டர் என்ற ஊரில் பிறந்து, 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தவர். அவர் பெயரில் ஒரு பாட்டைத் தாங்கிக்கொண்டு இந்தத் தட்டு 2006 ஜூலையில் வருகிறது. ஆகஸ்ட் 24ஆம் தேதி சர்வதேச வானியல் சங்கம் கூடி, புளூட்டோ கிரகமே இல்லை, குறுங்கோள்தான் என்று தீர்மானித்துவிட்டது. ஒதுக்கல்களின் தொகுப்புக்குள் இருந்த கிரகத்தையும் ஒதுக்கிவிட்டார்கள். இதற்கு ஸ்டீவன்ஸ் பொறுப்பல்ல, ஆனால் தட்டு முழுவதிலும் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போன முரண் இதுதான்.

'சிகாகோ' பாட்டுக்கு வருகிறேன். 'இல்லினாய்' தட்டில் அது ஒன்பதாவது தடம். பலருக்கு ஸ்டீவன்ஸ் என்றால் அந்தப் பாட்டுத்தான். 2006இல் வந்த 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்திலும் வருகிறது. அதன் வேறு மூன்று வடிவங்கள் 'அவலாஞ்ச்'சில் இருக்கின்றன. ஒன்று கிடாரும் குரலும் மட்டும். இன்னொன்றுக்கு அவரே கேலியாக, வயதுவந்தோருக்கான சுகமான கேட்பு என்கிற பாணியில் பெயர் வைத்திருக்கிறார். மூன்றாவது மின்னணு இரைச்சலில் உடைந்து சிதறுவது, அதற்கு மனநோய் ஒன்றின் பெயர். ஒரே பாட்டு ஒரே தட்டில் மூன்று தடவை. நம்மவர்கள் இதைக் கேட்டுவிட்டு, பார்த்தாயா, ஒரு கருவுக்குள் எத்தனை சாத்யங்கள் என்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். மூன்றையும் கேட்டபின் மூலத்தைப் போட்டுக் கேட்டேன். மூன்றும் சாத்யங்கள் அல்ல என்று நிச்சயமாயிற்று. கிடார் வடிவத்தில் அந்தப் பாட்டின் தப்பொப்புதல் வெறும் சுயபச்சாதாபமாகிறது. ஒருவன் தனியாக உட்கார்ந்து நான் பிழை செய்தேன் என்று முனகுகிறான், அவ்வளவுதான். சுகமான வடிவத்தில் பிழையே இல்லை, பயணம் மட்டும் இருக்கிறது. இரைச்சல் வடிவத்தில் ஆளே இல்லை. நான்காவதில், அதாவது முதலில் வெளிவந்ததில், தந்தி வாத்தியங்களும் ஊதுகருவிகளும் கூட்டுக்குரலும் எழும்பும்போது ஒரு தனி மனிதனின் பிழை ஒரு கூட்டத்தின் பிழையாகி, வெட்கம் கொண்டாட்டமாகிறது. இசையமைப்பு அங்கே ஜோடனை இல்லை. அர்த்தமே அதுதான். ஸ்டீவன்ஸ் தேர்ந்தெடுத்தபோது சரியாகத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு இந்த மூன்றும் சாட்சி. சாட்சி சொல்லிவிட்டு இறங்கிப் போக வேண்டிய மூன்றும் இங்கே மேடையேறி உட்கார்ந்திருக்கின்றன.

தேர்வு என்பது சிருஷ்டிக்குப் பிறகு நடக்கும் குமாஸ்தா வேலை என்று ஒரு நினைப்பு நம்மிடையே இருக்கிறது. எழுதுவது தரிசனம், வெட்டுவது பத்திரிகாசிரியனின் கத்தரிக்கோல் என்கிற நினைப்பு. எழுதினதையெல்லாம் அனுப்பிவிட்டு, வந்ததில் பாதியைத்தான் போட்டார்கள் என்று குறைப்படும் நண்பர்களை இந்தப் பக்கங்களைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். என்னைப் பொறுத்தவரையில் வெட்டும் கணத்தில்தான் அது தன் படைப்பு என்று படைப்பாளிக்குத் தெரியவருகிறது. அதுவரை அது அவனுக்கு நேர்ந்த ஒன்று, அவ்வளவே. தன் வெட்டையே ஒரு வருஷத்துக்குள் ரத்து செய்கிறவன் எதை ரத்து செய்கிறான் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். இந்த வட்டத்தைச் சேர்ந்த ஒரு நண்பரே, நான் மதிக்கிற ரசிகர், சொல்லியும்விட்டார்: 'அப்படியானால் டார்கரைக் குப்பையில் போட்டிருக்கலாமா? காஃப்காவைக் கொளுத்தியிருக்கலாமா?' கேள்வி வலுவானது. டார்கர் இந்தத் தட்டிலேயே இருக்கிறார் என்பதால் இன்னும் வலு. நாலாவது தடம், இரண்டு நிமிஷம்கூட நீடிக்காதது, அவருடைய விவியன் சிறுமிகளின் பெயரில்தான் இருக்கிறது. 

ஹென்றி டார்கர் சிகாகோவில் ஆஸ்பத்திரிகளில் துப்புரவு வேலை பார்த்தவர். ஒண்டிக்கட்டை. 1972இல் உடம்பு முடியாமல் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு வீட்டுக்காரர் நேதன் லெர்னர் அறையைத் திறந்து பார்த்தார். 15,000 பக்கங்களுக்கு மேல் தட்டச்சில் ஒரு கதை, அதற்கென்று வரைந்த நூற்றுக்கணக்கான ஓவியங்கள், சில பல அடி நீளம். 1973இல் டார்கர் செத்துப்போனார். தன் வேலையை யாருக்கும் காட்டியவரில்லை. லெர்னர் தாமே புகைப்படக் கலைஞர் என்பதால் தான் பார்ப்பது என்ன என்று தெரிந்துகொண்டார். வேறு வீட்டுக்காரராக இருந்தால் எடைக்குப் போட்டிருப்பார்.

நண்பர் செய்கிற தவறு எளிமையானது. அச்சாகாததையும் கழிக்கப்பட்டதையும் ஒன்று என்று நினைக்கிறார். டார்கரின் அறையில் இருந்தது மிச்சம் அல்ல. ஒரு முழு வாழ்வின் முழு வேலை, வாசகன் இல்லாதது, அவ்வளவுதான். எதிலிருந்து அது மீந்தது? காஃப்கா 'விசாரணை'யை எழுதி முடிக்கவில்லை. வேறு சிறந்த நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு இதை ஒதுக்கவுமில்லை. 1924இல் அவர் இறந்ததும் மாக்ஸ் பிராட் அடுத்த வருஷமே அதைப் பதிப்பித்தது நண்பனின் வாக்கை மீறினதாகலாம், நண்பனின் தேர்வை மீறினதாகாது. ஸ்டீவன்ஸ் கதை அப்படியா? முடித்தார், பதிவு செய்தார், கேட்டார், வேண்டாம் என்றார், பிறகு வேண்டும் என்றார். இடையில் நடந்தது என்ன? பாடல்கள் மாறவில்லை. புகழ் வந்தது.

பாப் டிலனைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். குருட்டு வில்லி மக்டெல் என்கிற பழைய ப்ளூஸ் பாடகரின் பெயரில் அவர் 1983இல் பதிவு செய்த பாட்டை 'இன்ஃபிடல்ஸ்' தட்டில் சேர்க்காமல் விட்டார். 1991இல்தான் அது வெளிவந்தது. அந்தத் தட்டில் இடம்பிடித்த எதையும்விட அது பெரிது. டிலனின் வெட்டு பிசகு என்று யாரும் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் எட்டு வருஷம் கிடந்தது. புழுங்கிப் புழுங்கி, திருட்டுப் பிரதிகளில் கைமாறி, கேட்டவர்கள் கேட்காதவர்களிடம் சொல்லி, தன் பலத்தில் வெளியே வந்தது. காலம் இரண்டாவது தேர்வைச் செய்தது. ஒரு வருஷத்தில் காலம் எதையும் தேர்வதில்லை. மவுசு குறையுமுன் விற்க வேண்டும் என்கிற அவசரம்தான் தேர்கிறது.

எலியட் ஸ்மித்தின் 'நியூ மூன்' எனக்கு இதைவிட மேலாகப் படுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 1994க்கும் 1997க்கும் இடையில் பதிவாகி ஒதுங்கின 24 பாடல்கள், இரண்டு தட்டுகள். 2003 அக்டோபரில் ஸ்மித் போய்விட்டார். 2007இல் 'கில் ராக் ஸ்டார்ஸ்' வெளியிட்டது. குடும்பத்தார் நாடாக்களை ஒழுங்குபடுத்த அமர்த்திய லாரி கிரேன் என்கிற ஒலிப்பதிவாளர் உட்கார்ந்து பொறுக்கினார். அட்டையில் கண்சிமிட்டல் இல்லை. பெரும்பாலும் ஒரு கிடார், தன்மேலேயே இரட்டிப்பாய்ப் பதிந்த ஒரு தணிந்த குரல். பந்தல் இல்லாததால் பிரிக்க மூங்கிலும் இல்லை. செத்தவர் என்பதால் சலுகை கொடுக்கிறாய் என்று நண்பர் சொல்லலாம். சலுகை கேட்காத தட்டுக்கு எப்படிச் சலுகை கொடுப்பது?

இல்லினாயில் நமக்கும் ஒரு ஆள் இருந்தார் என்பது ஞாபகம் வருகிறது. ஏ.கே. ராமானுஜன். அறுபதுகளின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 1993இல் அங்கேயே காலமானார். கணினித் தட்டுகளில் அவர் விட்டுப்போன கவிதைகளிலிருந்து நண்பர்களும் குடும்பத்தாரும் பொறுக்கி, 1995இல் வந்த மொத்தத் தொகுப்பின் கடைசிப் பகுதியாக, 'கறுப்புக் கோழி' என்ற பெயரில் சேர்த்தார்கள். அந்தப் பகுதியில் ராமானுஜனின் ஆகச் சிறந்த கவிதைகள் சில இருக்கின்றன. சரி. ஆனால் அத்துடன் நின்றதா? 2001இல் தொகுக்கப்படாதவை என்று இன்னொரு புத்தகம். முதலாவதைப் படித்தவன் ராமானுஜனைப் படித்தான். இரண்டாவதைப் படித்தவன் ராமானுஜனைப் பற்றித் தெரிந்துகொண்டான். இரண்டும் ஒன்றல்ல. வரியை அடித்து அடித்து எழுதுவதில் பேர்பெற்றவர் அவர் என்பதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருக்கிறது. அவர் 1967இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன குறுந்தொகையோ 400 சொச்சம் பாட்டு. தொகுத்தவன் பூரிக்கோ என்று பெயர் மட்டும் இருக்கிறது. அவன் எத்தனையைத் தள்ளினான், எதற்காகத் தள்ளினான் என்பதற்கு ஏடு இல்லை. தள்ளினவை கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்வாய் என்று நண்பர் மடக்குவார். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றைக் குறுந்தொகை என்றும் சொல்ல மாட்டேன்.

'பிட்ஸ்ஃபீல்ட்' பற்றிச் சொல்லாமல் முடித்தால் அநியாயம். கடைசிக்கு முந்தினது, இருபதாவது தடம், ஏறக்குறைய ஏழு நிமிஷம். ஒரு வீடு. கண்டிப்பும் களைப்புமான ஒரு பெரியவர். தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட பிள்ளைகள். வளர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து, இனி உன்னிடம் எனக்குப் பயமில்லை என்று சொல்லும் ஒரு குரல். மிகத் தணிந்து தொடங்குகிறது. வழக்கமான ஏற்றம் இங்கேயும் உண்டு, ஆனால் இங்கே அது செய்முறையாகக் கேட்கவில்லை. பயமில்லை என்று சொல்கிறவனுக்கு அதைச் சொல்லத் தைரியம் வர அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது, இசை அந்த நேரத்தைக் கொடுக்கிறது. நான்கு இரவும் இந்த இடத்தில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி ஒரு பாட்டு இருக்கும்போது உன் வாதம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். வாதம் இங்கேதான் நிற்கிறது. ஏன் இதை 'இல்லினாய்' தட்டிலிருந்து எடுத்தார்? அந்தத் தட்டு ஒரு மாநிலத்தின் பேய்கள், வீரர்கள், கொலைகாரர்கள், பொருட்காட்சிகள் என்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பது. சொந்தத் துக்கம் வந்தாலும் ஒரு ஊரின், ஒரு விடுமுறை நாளின் பெயரைப் போர்த்திக்கொண்டு வருவது. 'பிட்ஸ்ஃபீல்ட்' போர்வை இல்லாமல் வந்து நிற்கிறது. ஊர்ப் பெயரைத் தவிர அதில் இல்லினாய் இல்லை. அங்கே சேர்த்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் வேஷம் என்று காட்டிவிடும். எடுத்தது சரி. அதற்குரிய இடம் பத்து வருஷம் கழித்துத்தான் உண்டாயிற்று. அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே விட்டுப்போன தாய் கேரி 2012இல் இறந்த பிறகு, 2015இல் 'கேரி அண்ட் லோவல்' வந்தது. டிரம்பெட்டும் கூட்டுக்குரலும் அநேகமாகப் போய்விட்டன. தாய், பிள்ளை, விட்டுப்போதல் இவை மட்டும் மிஞ்சின. 'பிட்ஸ்ஃபீல்ட்' அந்த வீட்டைச் சேர்ந்தது. அதை 2006இல் பதவியேற்பு வாத்தியத் துணுக்குக்கும் மூன்று சிகாகோக்களுக்கும் பக்கத்தில் நிற்கவைத்து, இதுவும் உபரி என்று சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் என்கிற சலுகையால் நல்ல பாட்டுக்குத்தான் நஷ்டம். மட்டமானதை அது காப்பாற்றுகிறது, நல்லதைக் கீழே இறக்குகிறது.

50 மாநிலத் திட்டம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டோடு நின்றது. 48 பாக்கி. அது ஒரு விளம்பர உத்திதான் என்று 2009இல் ஸ்டீவன்ஸே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்காக அவரைக் கரித்துக்கொட்டியவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. 'இல்லினாய்' நல்ல தட்டு. விளம்பர உத்தியிலிருந்து நல்ல கலை வரலாம், வந்திருக்கிறது. 2024இல் அதை நடனமாக்கி பிராட்வே மேடையில் ஏற்றினார்கள், நடன அமைப்புக்காக டோனி பரிசும் கிடைத்தது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. 50 என்கிற எண்ணை அறிவித்தவருக்கு நிறைய உற்பத்தி செய்கிறவர் என்கிற பிம்பம் அவசியமாகிவிடுகிறது. 'அவலாஞ்ச்' அந்தப் பிம்பத்தின் தேவைக்கு வந்தது. பெயரே பனிச்சரிவு. பனிச்சரிவில் எந்தப் பனிக்கட்டியும் தனியாகத் தெரியாது, சரிகிற அளவைத்தான் பார்த்து மலைக்க வேண்டும். மலைத்தார்கள். ஒதுக்கியதே இவ்வளவு என்றால் என்று வாக்கியத்தைத் தொடங்கி முடிக்காமல் விட்டார்கள். அந்த வாக்கியத்தை யாராவது முடித்துக் காட்டட்டும். ஒதுக்கியதே இவ்வளவு என்றால், என்ன?

நண்பர் பதில் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். எழுதட்டும். டார்கரையும் காஃப்காவையும் தொந்தரவு செய்ய வேண்டாம். இந்தத் தட்டைப் பற்றியே எழுதட்டும். 21 தடங்களில் எவை இல்லாவிட்டால் தமக்கு ஒரு குறை உண்டாகும் என்று பெயர் சொல்லி எழுதட்டும். நான் இரண்டு சொல்கிறேன்: 'பிட்ஸ்ஃபீல்ட்', அப்புறம் மக்ளூர் ஊரின் சூனியக்காரியைத் தலைப்பில் வைத்திருக்கும் பத்தாவது தடம், அதில் ஒரு குடும்பத்தின் இருட்டைப் பிள்ளைகளின் கண் பார்க்கிறது. தலைப்புப் பாட்டை மூன்றாவதாகச் சேர்க்கலாமா என்று இன்னும் இரண்டு நாள் கேட்க வேண்டும். அவரும் இப்படி எண்ணிச் சொல்லட்டும். சிகாகோ மூன்றில் எதை வைத்துக்கொள்வார், எதைத் தள்ளுவார் என்பதையும் சொல்லட்டும். மூன்றும் வேண்டும் என்பதைப் பதிலாக நான் எடுத்துக்கொள்வதற்கில்லை.